மனிதவள வேலைக்குச் சாதனைகளை எழுதுவது: டெல்டாவில் நான் கற்றது

திருச்சி துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எச்.ஆர். எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்திலிருந்து விண்ணப்பங்கள் வந்து குவியும். முக்கால்வாசி ஒரே அச்சு. "வருகைப் பதிவு பராமரித்தல், சம்பளப் பட்டியல் தயாரித்தல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணிகள், ஆள்சேர்ப்பு." இந்த வேலையை எந்த ஊரில் யார் செய்தாலும் இதே நாலு வரிதான் வரும். எழுதியவர் அந்த நாற்காலியில் இருந்ததால் என்ன மாறியது என்பது அதில் இருக்காது.

அதே பிள்ளைகளை எதிரே உட்கார வைத்து, "போன வருஷம் உங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது எது, அதை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டால் கொட்டுவார்கள். பேருந்து பிரச்சினை, போனஸ் தகராறு, ஆதாரில் பெயர் மாறிப்போன கதை என்று ஒவ்வொன்றும் சாதனை. ரெஸ்யூமேயில் ஒரு வரி இருக்காது. இத்தனை திறமையுள்ள பிள்ளைகள் அந்த ஒரு தாளினாலேயே கழிக்கப்படுவது எனக்கு மனசு கேட்காத விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விற்பனையில் இருப்பவருக்கு டார்கெட் இருக்கிறது, உற்பத்தியில் இருப்பவருக்கு டன் கணக்கு இருக்கிறது. நம் வேலை ஒழுங்காக நடந்தால் வெளியே எதுவும் தெரியாது. சம்பளம் சொன்ன தேதியில் ஏறும். பி.எஃப். பணம் 15ஆம் தேதிக்குள் கட்டப்படும், தாமத அபராத நோட்டீஸ் வராது. நடக்காமல் போன ஒன்றை எப்படிச் சாதனை என்று எழுதுவது? எனக்குத் தெரிந்த ஒரே வழி, பதிவேட்டைத் திறப்பதுதான். மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு, விடுப்புப் பதிவேடு, வேலையை விட்டுப் போனவர்கள் பட்டியல், பி.எஃப். நிலுவைப் பட்டியல் ஆகியவற்றில் நாம் செய்ததன் தடம் கண்டிப்பாக இருக்கும்.

நான் முதலில் வேலை பார்த்தது மன்னார்குடி பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில். உள்ளூர் ஆட்கள் பாதிப்பேருக்கு மேல் மூணு மா, அஞ்சு மா (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு) என்று சொந்த நிலமோ குத்தகை நிலமோ வைத்திருந்தார்கள். தை, மாசியில் ஆலைக்கு நெல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சரியாக அதே நேரத்தில் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். அவியல் பகுதியில் ஒருவர் வராவிட்டால் அடுத்த ஷிப்டு முழுக்க இழுத்துக்கொண்டு போகும். சூப்பர்வைசர்கள் "அறுவடைன்னா இப்படித்தாங்க" என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு அதில் ஒரு சந்தேகம். இப்போது அறுவடையை இயந்திரம் செய்கிறது, ஒரு ஏக்கர் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் எதற்கு நாள் கணக்கில் லீவு? நாலைந்து பேரிடம் டீக்கடையில் வைத்துப் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் காத்திருந்தது வயலில் இல்லை, அரசு நெல் கொள்முதல் நிலையத்தில். நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, முறை வரும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ராத்திரி ஒரு மழை பெய்தால் மறுபடி காயவைத்து, மறுபடி வரிசை. ராத்திரிக் காவலுக்கு வீட்டில் வேறு ஆண் பிள்ளை இல்லாதவர்தான் ஆலைக்கு வராமல் போனார்.

மார்கழியிலேயே ஒரு தாள் ஒட்டினேன். யார் என்ன ரகம் போட்டிருக்கிறார், எப்போது விதைத்தார் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். சி.ஆர். 1009 என்ற நீண்ட கால நெல் ரகம் போட்டவருக்குப் பயிர் ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும், குறுகிய கால ரகம் போட்டவர் முன்னாலேயே அறுத்துவிடுவார். அந்தக் கணக்கை வைத்து எந்த வாரம் யார் இருக்க மாட்டார் என்று அட்டவணை போட்டோம். நெல் கொட்டியவர்களை ராத்திரி ஷிப்டிலிருந்து காலை ஷிப்டுக்கு மாற்றினோம். பகலில் ஆலை, ராத்திரி குவியலுக்குக் காவல். முதலாளி முதலில் தயங்கினார். "இதெல்லாம் வேலைக்காகுமாம்மா?" என்றார். "ஒரு சீசன் மட்டும் பாருங்கய்யா, சரியா வரலைன்னா பழையபடியே போயிடலாம்" என்றேன். அந்தத் தை, மாசியில் சொல்லாமல் நிற்பது பாதிக்கும் கீழே போனது.

அடுத்த வேலைக்கு எழுதும்போது "விடுப்பு நிர்வாகம்" என்று நான் எழுதவில்லை. இப்படி எழுதினேன்: "சம்பா அறுவடை மாதங்களில் முன்னறிவிப்பில்லாத விடுப்பு, முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடுகையில் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஊழியர்களின் பயிர் ரகத்தையும் விதைப்புத் தேதியையும் கொண்டு விடுப்பு அட்டவணை போட்டு, ஷிப்டு மாற்றம் கொடுத்தேன்." என்ன மாறியது, எதோடு ஒப்பிட்டு, நான் என்ன செய்தேன் என்ற மூன்றும் அதற்குள் வந்துவிடுகின்றன.

இதில் "அதே மாதங்களோடு" என்பது டெல்டாக்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். மாசியில் இருந்த வருகையையும் சித்திரையில் இருந்த வருகையையும் பக்கத்தில் வைத்து "நான் உயர்த்தினேன்" என்று எழுதினால், காவிரிப் பாசனத்தில் வளர்ந்த எவரும் நம்ப மாட்டார்கள். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதம் ஒரு மாதிரி, நடவு நேரம் ஒரு மாதிரி, வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம் நாகப்பட்டினம் பக்கம் வேறு மாதிரி. தையைத் தையோடுதான் வைக்க வேண்டும்.

சில வருஷங்களை ஒப்பிடவே கூடாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. மன்னார்குடி வரைக்கும் தென்னை சாய்ந்து, வீடு போய், பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பயோமெட்ரிக் மெஷின் ஓடாததால் நோட்டில் வருகை எழுதினோம். அந்த வருஷக் கணக்கைச் சேர்த்தால் அதற்கடுத்த வருஷம் தானாகவே அருமையாகத் தெரியும். நான் அந்த வருஷத்தை விட்டுவிட்டு, "புயல் ஆண்டு சேர்க்கப்படவில்லை" என்று ஒரு சிறு வரி போட்டேன். பின்னாளில் இன்டர்வியூவில் இருந்த பெரியவர் ஒருவர் அந்த வரியைத்தான் முதலில் தொட்டார். "ஏன் விட்டீங்க?" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு என் மற்ற எண்களை அவர் துருவவே இல்லை. 2020 கொரோனா வருஷத்துக்கும் இதே கதைதான்.

அடுத்து தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே பிரச்சினை நர்ஸுகள் நிற்காததுதான். ஒரு வருஷ அனுபவம் வந்ததும் சென்னை, கோயம்புத்தூர், வளைகுடா என்று போய்விடுவார்கள். அரசு வேலை வந்தால் கேட்கவே வேண்டாம். ஆட்கள் விட்டுப் போகும் இந்த விகிதத்தை, அதாவது அட்ரிஷனை, எப்படிக் கணக்கிடுவது என்று தெரியாமலே "அட்ரிஷன் குறைத்தேன்" என்று எழுதி வருபவர்கள் அதிகம். கணக்கு சுலபம். வருஷத்தில் சராசரியாக 120 பேர் வேலையில் இருந்து, 30 பேர் விட்டுப் போனால் 25 சதவீதம். சராசரி என்பது வருஷத் தொடக்கத்தில் இருந்தவர்களையும் கடைசியில் இருந்தவர்களையும் கூட்டி இரண்டால் வகுப்பது. மாதாமாதம் எடுத்தால் இன்னும் சரியாக வரும். ஓய்வு பெற்றவரையும் நிர்வாகம் நிறுத்தியவரையும் இதில் சேர்த்தீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். எப்படி எடுத்தாலும் இரண்டு வருஷத்துக்கும் ஒரே முறையில் எடுத்திருக்க வேண்டும்.

அங்கே எங்களுக்கு உதவியது பேருந்து நேரம். ராஜினாமா கடிதங்களில் எல்லாம் "சொந்தக் காரணம்" என்றே இருக்கும். கிளம்பும் நாளில் தனியாக உட்கார்ந்து பேசினால்தான் உண்மை வரும். ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு பக்கத்துப் பெண்கள் பலர் சொன்னது ஒன்றே: ராத்திரி எட்டு மணிக்கு டூட்டி முடிந்து, அடுத்தவரிடம் நோயாளி விவரம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினால் ஊருக்குள் போகும் பேருந்து போயிருக்கும். அப்பாவோ அண்ணனோ மெயின் ரோட்டில் வண்டியோடு நிற்க வேண்டும். அது தினமும் நடக்காது. நர்சிங் சூப்பரின்டென்டென்டோடு பேசி டூட்டி மாறும் நேரத்தை அரைமணி முன்னால் நகர்த்தினோம். அடுத்த வருஷம் விலகல் நன்றாகவே குறைந்தது.

ஆனால் அதே வருஷம் மருத்துவமனை சம்பளமும் உயர்த்தியது. குறைந்ததெல்லாம் என்னால்தான் என்று எழுதினால் அது பொய். அதனால், "உள்ளூரிலிருந்து பேருந்தில் வரும் நர்ஸுகளிடையே விலகல் குறைந்தது, டூட்டி நேர மாற்றத்தை முன்மொழிந்து நடைமுறைப்படுத்தினேன், அதே ஆண்டில் ஊதிய உயர்வும் இருந்தது" என்று எழுதினேன். இப்படி எழுதினால் நம் பங்கு சின்னதாகத் தெரியுமே என்று பயப்படுவார்கள். ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவளாகச் சொல்கிறேன், அந்தக் கடைசித் துண்டு இருக்கும் விண்ணப்பத்தை நான் தனியாக எடுத்து வைப்பேன். மற்றவர் பங்கைச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் நாலு பேர் சம்பளத்தை நம்பி ஒப்படைக்க முடியும்.

நான் பெருமையாக நினைக்கும் வேலை வேறொன்று. 2021இல் ஆதார் இணைக்காத யு.ஏ.என். (ஊழியரின் நிரந்தர பி.எஃப். எண்) கணக்குக்குப் பணம் கட்ட முடியாது என்று பி.எஃப். அலுவலகம் சொல்லிவிட்டது. நம் ஊர்ப் பெயர்களுக்கு இன்ஷியல் ஒரு பெரிய வில்லங்கம். வார்டு ஆயாம்மா ஒருவருக்குப் பி.எஃப். கணக்கில் அப்பா இன்ஷியல், ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு வந்த வீட்டுக்காரர் இன்ஷியல், வங்கிப் புத்தகத்தில் இன்ஷியலே இல்லை. பிறந்த வருஷமும் ஒத்துப்போகவில்லை. மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்டவருக்கு மனு திரும்பத் திரும்பத் தள்ளுபடி ஆனது. ஆதாரில் எது இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப வங்கியைத் திருத்தி, பிறகு நிறுவனமும் ஊழியரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழி கொடுத்து பி.எஃப். பெயரைச் சரிசெய்தோம். பணம் ஏறிய அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்பே கண்ணு" என்றார். அதற்குப் பிறகு எல்லா ஊழியருக்கும் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் என்று மூன்று பத்தி போட்ட ஒரு தாள் தயாரித்து, பொருந்தாதவர்களை வரிசையாக முடித்தோம்.

இதைச் சாதனை என்று பலர் எழுத மாட்டார்கள், கிளார்க் வேலை என்று நினைப்பார்கள். தாராளமாக எழுதுங்கள். நிலுவை எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு முடிந்தது, இனி வராமலிருக்க சேரும் நாளிலேயே என்ன சரிபார்க்கிறீர்கள் என்று மூன்று துண்டு போதும். ஆதாரும் பி.எஃப். கணக்கும் ஒத்துப்போகாமல் திணறாத நிறுவனம் இந்தப் பக்கம் குறைவு. படிக்கிறவருக்கு உடனே உறைக்கும்.

எழுதக்கூடாததும் உண்டு. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். அந்தக் குழுவுக்கு வந்த புகாரையோ, புகார் கொடுத்தவர் யார் என்பதையோ வெளியிடக்கூடாது என்று அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. கும்பகோணம் மாதிரி ஊரில் "ஒரு மருத்துவர் மீதான புகாரைத் தீர்த்தேன்" என்று எழுதினால் யார் என்று மறுநாளே தெரிந்துவிடும். குழு அமைத்தது, துப்புரவுப் பணியாளர் வரைக்கும் தமிழில் பயிற்சி கொடுத்தது, ஆண்டறிக்கை அனுப்பியது ஆகியவற்றை எழுதலாம். தனி ஆள் சம்பளம், நோய், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் ரெஸ்யூமேக்குள் வரக்கூடாது. ஒரு முறை இன்டர்வியூவில் ஒருவர் பழைய கம்பெனியில் யாரை எதற்காக நீக்கினோம் என்று பெயரோடு சொல்ல ஆரம்பித்தார். திறமையானவர்தான், நான் எடுக்கவில்லை. நாளைக்கு எங்கள் ஆட்களைப் பற்றியும் இப்படித்தானே பேசுவார்?

சங்கத்தோடு பேசி முடித்த விஷயங்களிலும் இதே கவனம் வேண்டும். "வேலைநிறுத்தத்தைத் தடுத்தேன்" என்று எழுதாதீர்கள். யாராலும் அதைச் சரிபார்க்க முடியாது, தொழிலாளியை எதிரியாகப் பார்க்கும் தொனியும் வந்துவிடும். பழைய தொழில் தகராறு சட்டப்படி சமரச அதிகாரி முன்னிலையில் போட்ட 12(3) ஒப்பந்தமா, இரு தரப்பும் நேரடியாகப் போட்ட 18(1) ஒப்பந்தமா, எத்தனை வருஷத்துக்கு, பேச்சுவார்த்தையில் உங்கள் பங்கு என்ன, கணக்குத் தயாரித்தீர்களா, மேஜையில் உட்கார்ந்தீர்களா என்று எழுதினால் போதும்.

சட்டப் பெயர்களில் இப்போது ஒரு சிக்கல். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. நீங்கள் 2022இல் செய்த வேலையைப் புதுத் தொகுப்பின் பெயரில் எழுத வேண்டாம். அப்போது இருந்த சட்டத்தின் பெயரிலேயே இருக்கட்டும். ஆனால் ஊதியம் என்பதன் விளக்கம் மாறியது, எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் ஆனது, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை (கிராஜுவிட்டி) வருவது என்று உங்கள் வேலையைத் தொடும் மாற்றங்களைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

படிப்பை முடித்து முதல் வேலை தேடுபவர்கள் "எனக்கு எங்கே சாதனை?" என்பார்கள். நீடாமங்கலம் பக்கம் எனக்குத் தங்கை முறை ஆகும் பெண், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். களப்பணி அறிக்கையைத் தவிர எழுத ஒன்றுமில்லை என்றாள். வீட்டில் என்னென்ன செய்வாய் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். ஊரில் நடவுக்கு வரும் பெண்களுக்குக் கூலிக் கணக்கு எழுதுவது இவள்தானாம். யார் எத்தனை நாள், யாருக்கு முன்பணம், யார் அரை நாள், சனிக்கிழமை பட்டுவாடா.

"கணக்குல தகராறு வருமா?"

"முன்னாடி வரும்க்கா. அப்பா மனசுல வெச்சே சொல்லிடுவாங்க. நான் நோட்டுல எழுதி, சாயங்காலமே ஒவ்வொருத்தருக்கும் வாசிச்சுக் காட்டிக் கைநாட்டு வாங்கிக்கறேன். இப்ப சண்டை இல்ல."

"அதைத்தான் எழுதணும்."

"இதையெல்லாம் எழுதலாமாக்கா? சிரிக்க மாட்டாங்களா?"

"எந்த எச்.ஆர்.காரரும் சிரிக்க மாட்டார்மா. வருகை, முன்பணம், பிடித்தம், பட்டுவாடா, புகார் எல்லாம் இருக்கு. ஆனா கூடக் குறைய எழுதாதே. எத்தனை பேரோ அத்தனை பேர்தான்."

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகப்போகிறது. இருந்தாலும் அவளை முதலில் தமிழில் சொல்ல வைத்தேன், போனில் பதிவு செய்துகொண்டோம். ஆங்கிலத்தில் யோசிக்க ஆரம்பித்ததும் நம் பிள்ளைகள் இன்டர்நெட்டில் கிடைக்கும் பெரிய வார்த்தைகளுக்குப் போய்விடுகிறார்கள், நோட்டும் கைநாட்டும் காணாமல் போய்விடும். தமிழில் சொன்னதிலிருந்து வினைச்சொற்களை மட்டும் எடுத்தோம்: எழுதினேன், வாசித்துக் காட்டினேன், கைநாட்டு வாங்கினேன். அவற்றை அப்படியே எளிய ஆங்கிலத்தில் வைத்தோம். இரண்டே வரிதான். நௌக்ரி, லிங்க்டின் போன்ற வேலை தேடும் தளங்களில் போடும்போது விளம்பரத்தில் உள்ள சொற்கள் விண்ணப்பத்தில் இருப்பது நல்லது, ஆனால் நீங்கள் உண்மையில் செய்த வேலைக்குப் பொருந்தும் சொல் மட்டும்.

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்விக்குப் பதில் கைவசம் இருக்க வேண்டும். இந்த எண் எங்கிருந்து வந்தது? நீங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காதா? யாருக்கு இதில் கஷ்டம் வந்தது? மூன்றாவது கேள்வியில்தான் பலர் திணறுகிறார்கள். டூட்டி நேரத்தை முன்னால் நகர்த்தியபோது காலையில் அரைமணி முன்னதாக வர வேண்டியிருந்தது, கைக்குழந்தை வைத்திருந்த இருவருக்கு அது ஒத்துவரவில்லை, அவர்களுக்குப் பொது ஷிப்டு கொடுத்தோம். துவாக்குடி இன்டர்வியூவில் என்னிடம் கேட்டது இதைத்தான்.

கடைசியாக, இந்தக் கணக்குகளை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ராஜினாமா கொடுத்த பிறகு சிஸ்டம் திறக்காது, கோப்பை எடுத்துக்கொண்டு போவது தவறும்கூட. மார்ச் முடிந்ததும் ஒரு மாலை உட்கார்ந்து, பெயர்கள் இல்லாமல், வெளியே சொல்லக்கூடிய சதவீதங்களையும் எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் சொந்த நோட்டில் எழுதிவையுங்கள். மேலாளரிடம் காட்டி, "இதை நான் வெளியே சொல்லலாமா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றால், பின்னால் உங்களைப் பற்றி விசாரிக்கப் போன் வரும்போது அவரும் அதே எண்ணைத்தான் சொல்வார்.